பதுளையில் ஆடி மழை

அப்பா இலங்கையில், பதுளையில் மளிகைக்கடை வைத்திருந்தார். நானும் அம்மாவும் அன்னவாசலுக்குப் பக்கத்து ஊரில் இருந்தோம். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி வருவார்.

எனக்கு இலங்கையின் மழையைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நடுவில் மலை. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று மலைக்கு மேற்கே அட்டன் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே பதுளைக்கு வரும்போது அது வெறுங்காற்று. ஐப்பசியில் காற்று திரும்பினால்தான் பதுளைக்கு நல்ல மழை.

"நமக்குப் பெய்யிறப்பத்தான் அங்கிட்டும் பெய்யும்" என்பார்.

அதனால் ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அம்மா வாசலுக்கு வந்து நிற்பாள். அவருக்கும் இன்றைக்குப் பெய்யும் என்று என்னிடம் சொல்வாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கம் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் அப்பா ஆவணியிலேயே வந்துவிட்டார். பெட்டியைத் திறந்தால் ஈர வாடை, வேட்டியெல்லாம் பூஞ்சணம். ஆடி முழுக்க மழை விடவில்லை, உப்பு மூட்டை கரைந்து ஓடிவிட்டது என்றார்.

"பதுளையிலயா? ஆடியிலயா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "முன்ன மாதிரி இல்ல. இப்பல்லாம் மழை மாறிப்போச்சு" என்றார்.

நாங்கள் நம்பினோம். பள்ளியில் பூகோள வாத்தியார் பருவக்காற்றைப் பற்றி நடத்தியபோது நான் எழுந்து, பதுளையில் இப்போது ஆடியிலும் மழை, எங்கள் அப்பா சொன்னார் என்றேன். அப்படியும் இருக்கலாம் என்று சொல்லி உட்காரச் சொன்னார். அன்றைக்கு முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவருடம், பதுளையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த தூரத்து உறவுக்கார அத்தை ஊர் திரும்பினார். எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம், ஆடி மழையில் கஷ்டப்பட்டீர்களா என்று நான்தான் கேட்டேன்.

"ஆடியில ஏது தாயி மழை? காத்துதான் அடிக்கும். குடிதண்ணிக்கே அலைவோம்."

அப்பா சொன்னதைச் சொன்னேன். அத்தை அம்மாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுக பதுளையில இல்லையே. கடையக் கொடுத்துட்டு அட்டன் பக்கம் போயி வருசமாச்சு. அங்கிட்டு ஒரு குடும்பம்... ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். அத்தைக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போன பின்பு மாட்டுக்கொட்டிலுக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அப்பா வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்வரை அம்மா பொறுத்திருந்தாள்.

"அங்க புள்ளை இருக்கா?"

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டார். அம்மா தடுக்கவில்லை. அந்த வருடத்திலிருந்து வயலைத் தானே பார்த்துக்கொண்டாள். ஐப்பசி மழை வந்தால் வாசலுக்குப் போகாமல், விதை நெல் நனையாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போவாள்.

இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டது அம்மாவுக்குச் செய்த துரோகம். அதை மறைக்க, எனக்குக் கற்றுக்கொடுத்த மழையையே பொய்யாக்கியது எனக்குச் செய்த துரோகம். அப்படித்தான் அந்த வயதில் பிரித்து வைத்திருந்தேன். இன்றும் பெரிதாக மாறவில்லை.

என் கல்யாணத்துக்கு அப்பா வந்திருந்தார், விருந்தாளி மாதிரி. என் நெற்றியில் திருநீறு பூசும்போது, என்னை நினைக்காத நாளில்லை என்றார். உண்மையாகவே இருந்திருக்கலாம். எனக்குத்தான் நம்ப முடியவில்லை.