ஒற்றை ஆள் கூடாரம்

மலாயெரில் ஏர்கூலர் கெட்டுப்போனால் ஈரஜைத்தான் கூப்பிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஊரின் பாதி மொட்டைமாடிகளில் அவன் ஏறி இறங்கியிருப்பான். பழைய மரச்சீவலைப் பிடுங்கிப் போட்டுப் புதிது அடைப்பான், பம்பைக் கழுவுவான், பெல்ட்டை இறுக்குவான். கோடை முழுக்க அவன் முதுகு காய்ந்துகொண்டே இருக்கும். திராட்சை அறுவடை முடிந்து காற்று குளிர்ந்துவிட்டால் கூலர்களுக்கு உறை போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் அவனைத் தேடுவார் இல்லை. அந்த நாட்களுக்காகத்தான் அவன் வருஷம் முழுக்க உழைத்தான் என்றுகூடச் சொல்லலாம். இருநூறு சிசி மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றி, பக்கப்பைகளை மாட்டி, குர்திஸ்தான் மலைப்பக்கம் கிளம்பிவிடுவான்.

தனியாகப் போகமாட்டான். மோட்டார்சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்த நுஸ்ரத் முன்னே போக, ஐந்தாறு பேர் பின்னே போவார்கள். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் குடும்பஸ்தர்கள். பஹ்மன் என்றொருவன் ஒருமுறை, பகல் பயணம்தானே என்று மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வந்தான். அடுத்த இரண்டு வருஷம் அவனை விடவில்லை. "பஹ்மன், சமையலறையை எங்க கட்டியிருக்க? கேரியர்லயா?" என்று கேட்டுக்கேட்டே அவனை வறுத்தெடுத்தார்கள். அதில் ஈரஜின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

ஈரஜின் மனைவி தாஹெரே வீட்டில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் கல்யாணமாகி கரஜுக்குப் போய்விட்டாள். அதன்பின் வீட்டில் தையல் இயந்திரச் சத்தமும் தேநீர்க் கெண்டியின் சத்தமும்தான். தாஹெரேவுக்கு மோட்டார்சைக்கிளில் போவது பிடிக்கும். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வளைவுகளில் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தானாகச் சாய்வாள். பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. பயந்தவர்களால் அப்படி உட்கார முடியாது என்பது ஈரஜுக்குத் தெரியும்.

அதுவரை பயணங்களில் குழுவினர் எல்லாரும் நுஸ்ரத்தின் பெரிய கித்தான் கூடாரத்துக்குள் அடைந்து படுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இலையுதிர்காலத்தில் மரிவான் ஏரிக்கரையில் காற்று அதைக் கிழித்துக்கொண்டு போனது. இனி அவரவர் கூடாரம் அவரவர் வண்டியில் என்று முடிவாயிற்று. ஈரஜ் ஒரு வியாழக்கிழமை ஹமதான் நகரத்துக்குப் போய் வாங்குவதென்று கிளம்பினான். "துணி விஷயம், நானும் வரேனே" என்றாள் தாஹெரே. அவளையும் ஏற்றிக்கொண்டு போனான்.

மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஜலாலின் கடை. ஜலால் வயதானவர், விற்பதைவிடப் பேசுவதில் பிரியம் உள்ளவர். வாசலிலேயே அடுக்கியிருந்த, உதறினால் தானாக விரியும் கூடாரங்களை அவர் கையால் ஒதுக்கிவிட்டார். பூங்காவில் போட்டுப் படுக்க அது சரி, மடித்தால் வண்டிச்சக்கரம் அளவுக்கு வட்டமாக நிற்கும், மோட்டார்சைக்கிளில் கட்டினால் பாய்மரம்தான் என்றார். உள்ளேயிருந்து இரண்டைக் கொண்டுவந்து விரித்தார். ஒன்று சாம்பல் நிறத்தில் ஒற்றை ஆள் கூடாரம், எடை குறைவு, விலையும் குறைவு. மற்றது பச்சை, இரண்டு பேருக்கு. வாசலில் முன்மறைப்பு உண்டு, விலை கொஞ்சம் கூட.

தாஹெரே இரண்டின் மேல்துணியையும் புரட்டிப் போட்டு, தையல் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறக் கூடாரத்தின் மூலைகளில் தையல் ஒற்றை வரிதான், மேலே ஒட்டிய பட்டை ஓரத்தில் எழும்பியிருக்கிறது, பச்சையில் இரட்டைத் தையல் என்று சொன்னாள். ஜலால் தலையாட்டினார். பிறகு அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கடைக்கு நடுவில் நின்ற பச்சைக் கூடாரத்துக்குள் குனிந்து போனாள். ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"ஈரஜ், இங்க வெளிச்சம்கூடப் பச்சையா இருக்கு."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று அவனுக்குப் புரிந்தது. நுஸ்ரத்தின் கடை வாசலில் நிற்கும் ஐந்தாறு முகங்கள் கண்முன் வந்தன. சமையலறையை எங்கே கட்டியிருக்கிறாய் என்று அவர்கள் கேட்பதுபோல் இருந்தது. அவன் சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துக் கூடாரத்துக் கம்பிகளை அளக்க ஆரம்பித்தான்.

"கம்பி நீளம் அதிகம், ஜலால் அகா. என் கேரியர்ல குறுக்க நிக்காது."

"குறுக்க எதுக்கு வைக்கற? நெடுக்க வை. இல்ல, கம்பியை மட்டும் தனியா உருவி ஹேண்டில்ல கட்டிக்க. நான் சொல்றேன் கேளு, தம்பி. ரெண்டு ஆள் டென்ட்டுன்னா அது ஒண்ணரை ஆளுக்குத்தான். நீ தனியாப் போனாலும் ஹெல்மெட்டு, பூட்சு, நனைஞ்ச கோட்டு எல்லாத்தையும் எங்க வைப்ப? கொடுக்குற காசுக்கு இதுதான் மதிப்பு."

"வேணாம். நான் ஒருத்தன்தானே. எனக்கு இது போதும்."

கூடாரத்துக்குள் அசைவு நின்றது. சற்றுப் பொறுத்து ஜிப் திறந்தது. தாஹெரே வெளியே வந்து, தலைத்துணியைச் சரிசெய்து, செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஜலால் அவளைப் பார்த்தார், ஈரஜைப் பார்த்தார். பிறகு சாம்பல் நிறக் கூடாரத்தைச் சுருட்டிக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது வழியில் நிறுத்தி இருவரும் சூப் குடித்தார்கள். அவள் எப்போதும்போல் மகளைப் பற்றிப் பேசினாள். அவள் ஒன்றும் நினைக்கவில்லை என்று ஈரஜ் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

அந்த முறை மரிவானில் மழை பெய்தது. ஒற்றை ஆள் கூடாரத்துக்குள் புரளக்கூட இடமில்லை. பூட்ஸ் வெளியே நனைந்தது. தலைமாட்டு மூலையில் தண்ணீர் கசிந்து தலையணையாக வைத்திருந்த துணிமூட்டை ஊறிப்போனது. வீட்டுக்கு வந்து கூடாரம் பிரமாதம் என்றான். தாஹெரே அதைக் கொடியில் காயப்போட்டாள். மூலையில் இருந்த நீர்க்கறையை அவள் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் அந்த மூலைகளில் இன்னொரு வரி தையல் விழுந்து, மேலே மெழுகும் தேய்த்திருந்தது.

அடுத்த வருஷம் ஒரு காரியம் நடந்தது. எல்லாருக்கும் மூத்தவரான நுஸ்ரத்தே தன் மனைவி பர்வானேவைக் கூட்டி வந்துவிட்டார். யார் வாயைத் திறப்பது? ஒருவரும் கேலி பேசவில்லை. பர்வானே காலையில் முட்டையும் தக்காளியும் வதக்கிப் போட்டாள். மலைப்பாதையில் வண்டி பஞ்சரானபோது டார்ச் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினாள். இரண்டாம் நாள் பஹ்மன் வெளிப்படையாகவே சொன்னான், அடுத்த தடவை என் வீட்டுக்காரியும் வருவாள் என்று. அப்போதுதான் பர்வானே ஈரஜிடம் கேட்டாள், தாஹெரேவை ஏன் கூட்டி வரவில்லை என்று.

உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. "அவளுக்குத் தரையில படுக்கவே பிடிக்காது" என்று சொல்லிவிட்டான். சின்னப் பொய், மலையோடு போய்விடும் என்று நினைத்தான்.

போகவில்லை. மறு வருஷம் அறுவடைக் காலத்தில் நுஸ்ரத்தின் திராட்சைத் தோட்டத்தில் எல்லாக் குடும்பங்களும் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தன. தாஹெரே வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பஹ்மன் வீட்டுக்காரியும் வருகிறாள் என்று பேச்சு வந்தது. பர்வானே திரும்பினாள்.

"தாஹெரே ஜான், நீயும் வந்தா எவ்வளவு நல்லாருக்கும். ஆனா உனக்குத் தரையில படுக்கவே ஆகாதாமே. ஈரஜ் அகா சொன்னாரு."

ஈரஜுக்குக் கையில் இருந்த தேநீர்க் குவளையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாஹெரே அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தி ஒரு கணம் நின்றது, மறுபடி சீவத் தொடங்கியது.

"ஆமா, பர்வானே. ஆகாது. முதுகு ஒத்துக்காது."

அத்தனை பேர் முன்னால் அவன் மானத்தை அவள் காப்பாற்றிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அவள் அவன் இடுப்பைப் பிடிக்கவில்லை. பின்னால் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வளைவுகளில் சாயவில்லை. முதல்முறையாகப் பின்னால் ஒரு ஆள் இருக்கும் கனம் அவனுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே அவன் யாரிடமும் சொல்லாமல் ஹமதான் போனான். ஜலாலிடம் பச்சைக் கூடாரம் இன்னும் இருந்தது. விலை ஏறியிருந்தது, அவன் பேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் கம்பளத்தின் மேலேயே அதைக் கட்டி நிறுத்தினான். தாஹெரே தேநீர்த் தட்டோடு வந்தவள் நின்று பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தையலைத் தொட்டாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

"உள்ள வந்து பாரேன்."

"நான்தான் தரையில படுக்க முடியாதவளாச்சே."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது நான் சொன்ன பொய் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். அவர்கள் கிண்டல் செய்வார்கள் என்று பயந்தேன் என்றான்.

"தெரியும், ஈரஜ். அன்னிக்குக் கடையில நாடாவை எடுத்தியே, அப்பவே தெரியும். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம். நான் உள்ள உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன். இப்ப ஊரே நம்பிடுச்சு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். இனிமே போய் அவங்க முன்னாடி படுத்துக் காட்டச் சொல்றியா?"

"காட்டுவோமே. நான் பொய் சொன்னேன்னு நானே சொல்றேன்."

"வேண்டாம். ஆசை அப்ப இருந்துச்சு. இப்ப இல்ல." தேநீரை அவன் பக்கம் நகர்த்தினாள். "குடி, ஆறுது."

ஆசை இப்போது இல்லை என்பதை அவன் நம்பவில்லை. கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று இருந்தான். அடுத்த வசந்தகாலத்தில், புத்தாண்டு விடுமுறையின்போது, தாஹெரேவின் தங்கை ஜோஹ்ரேயின் குடும்பம் காரில் வடக்கே கடற்கரைக்குக் கிளம்பியது. ஈரஜுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது, பிள்ளைகள் வருவதற்குள் எல்லாக் கூலர்களையும் சரிசெய்ய வேண்டும். தாஹெரே மட்டும் போனாள். மூன்றாம் நாள், பள்ளிக்கூட மொட்டைமாடியில் கையெல்லாம் சீவல் ஒட்டியிருக்க, அவன் போனில் ஒரு படம் வந்தது. கடற்கரைப் பூங்காவின் புல்தரையில் ஒரு சாதாரணக் கூடாரம். திறந்த வாசல் வழியாக உள்ளே தாஹெரே, கன்னத்துக்கடியில் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மெத்தைகூட இல்லை, ஒரு விரிப்புதான். எத்தனை தடவை எழுப்பியும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று ஜோஹ்ரே எழுதியிருந்தாள்.

ஈரஜ் கூலர் பெட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டான். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

அவள் திரும்பி வந்தபின், நன்றாகத் தூங்கினாயாமே என்று கேட்டான். ஆமாம், இரவெல்லாம் அலைச்சத்தம் என்றாள். அப்படியானால் இந்த இலையுதிர்காலத்தில் என்று ஆரம்பித்தான். அவள் பைக்குள்ளிருந்து ஆரஞ்சுகளை எடுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஜோஹ்ரே மொதல்ல என்னைத்தான் கேட்டா. நீ வரியான்னு. அப்புறம்தான் எந்த டென்ட்டுன்னு பாத்தா."

ஈரஜ் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

இப்போதும் அவர்கள் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் அவள் பின்னால் உட்கார்ந்து வருவாள். நாளாக நாளாக இடுப்பைப் பிடித்துக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டாள். இரவு தங்கும் பயணம் மட்டும் வேண்டாம் என்பாள். அவனும் வற்புறுத்துவதை விட்டுவிட்டான். குழுவில் இப்போது நான்கு பெண்கள் வருகிறார்கள். எங்கே சமைப்பது, யார் வண்டியில் யார் சாமான் என்று அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தரையில் படுக்க முடியாத தாஹெரேவுக்கு என்று ஆளுக்கொரு பை வால்நட் கொடுத்தனுப்புவார்கள். ஈரஜ் அதை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பான்.

போன வருஷம் ஊராமான் போகும் வழியில், கருவாலி மரங்களுக்கு நடுவே பிற்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. கூடாரங்களை அவசரமாகக் கட்டினார்கள். ஈரஜ் பச்சைக் கூடாரத்துக்குள் போய், கோட்டை ஒரு மூலையில் கழற்றிப் போட்டான். பக்கத்துக் கூடாரத்திலிருந்து பஹ்மனும் அவன் மனைவியும் எதற்கோ சண்டை போட்டுக்கொள்வது கேட்டது, பிறகு சிரிப்பது கேட்டது. அவன் வீட்டுக்குப் போன் போட்டான்.

மழையா என்று கேட்டாள் தாஹெரே. ஆமாம் என்றான். தண்ணீர் உள்ளே வருகிறதா என்று கேட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை, நீ அன்றைக்கே சொன்னாயே, இரட்டைத் தையல் என்றான். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இடம் தாராளமாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

"ஜிப்பை நல்லா மூடிட்டுப் படு. சளி பிடிச்சுக்கும்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.