செல்வராசாவின் பாஸ்போர்ட்டுப் பெயர்

பன்னிரண்டு வருசம் ஒரே சட்டிச் சோறு தின்ற செல்வராசாவிடம் அவனுடைய பாஸ்போர்ட்டுப் பெயரைக் கேளாமல் விட்ட கோபம் முருகேசனுக்கு இன்னும் ஆறவில்லை. கோபம் தன்மேலேதான்.

அவருடைய கூட்டாளி யோசேப்பு மன்னாரான். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். பேச்சுக் குறைவு, கை சுத்தம். மனுசி மக்டலீனை ஊரிலிருந்து கூப்பிடுவதென்றால் இரண்டு அறை வீடு காட்டு என்றது வெளிநாட்டவர் கந்தோர். வீட்டு முற்பணத்துக்குச் சேர்த்து வைத்த நாலாயிரம் யூரோவை, "ரெண்டு மாதத்திலை தாறன்" என்று கடைக்காரச் செல்வராசா வாங்கிப் போனான். ஒரு வருசமாகியும் தரவில்லை.

வழக்குப் போடு என்றது முருகேசன். படிவம் நிரப்பியதும் அவர்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவர். கடைப் பலகையில் இருந்த பெயரை அப்படியே எழுதிவிட்டார். கோட்டுக் கடிதம் கடைக்கு வந்த கிழமையே செல்வராசா கடையைப் பூட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்கு, லைப்சிக்குக்கு, போய்விட்டான். வழக்குக்கும் வரவில்லை. 2004 தையில் தீர்ப்பு யோசேப்பு பக்கம்.

தீர்ப்பு நாடு முழுக்கச் செல்லும், ஆனால் காசை அறவிடுகிறது அந்தந்த ஊர்க் கோட்டு அதிகாரி, பிஸ்கால்தான் என்றார்கள். லைப்சிக்குக்கு எழுதிக் கட்டணமும் கட்டினார்கள். மூன்று மாதத்தால் பதில் வந்தது: அந்த விலாசத்தில் செல்வராசா என்று ஒருவரும் இல்லை.

இரண்டு பேரும் ரயிலேறிப் போனார்கள். கதவைத் திறந்தது செல்வராசாவேதான், சாரத்தோடு.

"வாங்கோ முருகேசண்ணை. யோசேப்பு, மெலிஞ்சு போனாய்."

"பிஸ்கால் வந்தவரே?" என்றார் முருகேசன்.

"வந்தவர். நல்ல மனுசன். பாஸ்போர்ட்டைப் பாத்தார், போயிட்டார். அதிலை நான் நாகமுத்து சந்திரசேகரன். செல்வராசா வீட்டிலை கூப்பிடுற பேர்."

"பன்னிரண்டு வருசமாய்ச் செல்வராசா எண்டு கூப்பிடேக்கை ஓம் எண்டாய்தானே?"

"இப்பவும் கூப்பிடுங்கோவன், ஓம் எண்டுறன். தேத்தண்ணிக்குச் சீனி போடட்டே?"

யோசேப்பு வாங்கிக் குடித்தான். முருகேசனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சாட்சி கொண்டுவாருங்கோ, திருத்தலாம் என்றார் வழக்கறிஞர். அந்தக் கடையில் சாமான் வாங்காத தமிழ்ச் சனம் பிராங்பேர்ட்டில் இல்லை. ஆனால் சாட்சி என்றதும் ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் காய்ச்சல். கோட்டிலே போய் நின்றால் தங்கடை பேப்பரையும் ஆராவது கிண்டுவினமோ என்ற பயம். அதில் பிழை சொல்லவும் ஏலாது. முருகேசனுடைய பேப்பரிலேயே அவருக்கு நாலு வயது குறைவு. அவரும் போகவில்லை.

அடுத்த வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை யோசேப்பு ரெலிபோன் கார்ட் ஒன்றோடு அவர் வாசலுக்கு வந்தான். அன்று கேட்டதுதான் கடைசி; அதற்குப் பிறகு அவன் முருகேசனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"அண்ணை, வியாழன் மக்டலீனுக்குக் கொழும்பு எம்பசியிலை விசாவுக்கு ரேர்மின், நேரம் குடுத்திருக்கினம். வீட்டு ஒப்பந்தம் இல்லாமல் போய் என்னத்தைக் காட்டுறது. நாளைக்கு விடிய மன்னாரிலை பஸ் ஏறிடுவாள். அதுக்கு முதல் நீங்கள் ரெலிபோன் எடுத்து, ஏற வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. நான் சொன்னா ஏன் எண்டு கேப்பாள்."