நாலு ஜிபி ஸ்டிக்கும் நான் தடவிய கிரீஸும்

1. எழுதுகிறவன் யார்

எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகாமல் படகு இன்ஜின் கழற்றப் போனவன் நான். இங்கிலீஷ் மேனுவல் ஒன்றைக்கூட முழுதாக வாசித்ததில்லை. படம் பார்த்தே வேலை கற்றேன்.

அப்படிப்பட்டவன் செய்ததைக் கேளுங்கள். இராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடையில் பாதி இடம் வாங்கி கம்ப்யூட்டர் சர்வீஸ் தொடங்கினேன். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். தொண்டியில் ஒரு மதரஸாவில் செத்துக் கிடந்த ஏழு பெட்டிகளைப் பிரித்து ஐந்து ஓடுகிற பெட்டிகளாக்கினேன். முதுகுளத்தூர் மிளகாய்க் கமிஷன் கடைகளில் தூசி குடித்த கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு கொடுத்தவன் நான். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் ஐஸ் கம்பெனி, லாட்ஜ், ஸ்டுடியோ என்று எங்கே கம்ப்யூட்டர் நின்றாலும் "சீனி பாயைக் கூப்பிடு" என்பார்கள். டிப்ளமோ படித்தவர்கள் பீப் சத்தத்துக்கு அர்த்தம் நெட்டில் தேடுவார்கள். நான் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன், அது ராம் கோளாறா டிஸ்ப்ளே கோளாறா என்று. இன்ஜின் சத்தத்தில் வளர்ந்த காது இது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லாத விஷயம். முதலில் ஆளைத் தெரிந்துகொண்டு பிறகு படியுங்கள்.

2. கிரீஸ்

கடற்கரைக் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. மதுரையில் பத்து வருஷம் ஓடும் பெட்டி, எங்கள் பக்கம் மூன்று வருஷத்தில் திருகாணி துருப்பிடித்து நிற்கும். ராம் ஸ்டிக்கின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் இருக்கும். அதன்மேல் உப்பு படிந்துவிட்டால் தொடர்பு போய்விடும், ஸ்கிரீன் வராது. எல்லா மெக்கானிக்கும் செய்வது, ஸ்டிக்கைக் கழற்றி பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவது.

நான் அதோடு நிற்கவில்லை. படகில் பேட்டரி முனையை மாட்டியதும் கிரீஸ் தடவுவோம். தடவாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும். கடலில் நடக்கிறது கம்ப்யூட்டரில் நடக்காதா என்று யோசித்து, ராம் ஸ்லாட்டிலும் ஸ்டிக்கின் பல்லிலும் லேசாக கிரீஸ் தடவ ஆரம்பித்தேன். அந்தப் பெட்டிகள் மாதக்கணக்கில் திரும்பி வரவில்லை. இது என் கண்டுபிடிப்பு என்று நான்கு பேரிடம் சொன்னேன். அவர்களும் தடவினார்கள்.

அப்படித் தடவிய பெட்டிகளில் ஒன்று தீவில் ஒரு நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் அலுவலகத்தில் இருந்தது.

3. பத்து நிமிஷ வேலை

அந்தச் சங்கத்தின் செயலாளர் அருளப்பன். எனக்கு நெடுநாள் பழக்கம். விடியும் முன் கரைக்குப் போய், எந்தப் படகு எந்தப் பக்கம் போகிறது, யார் யார் ஏறுகிறார்கள், அவர்கள் போன் நம்பர் என்ன என்று கேட்டு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார். முன்பு நோட்டில் எழுதினார்கள். "இது இருக்கையில நோட்டு எதுக்கு" என்று நிறுத்தச் சொன்னவன் நான்.

காலை எட்டு மணிக்கு செல்வராணி வருவாள். வயர்லெஸ் செட்டில் படகுகளோடு பேசுவது அவள் வேலை. அவள் கணவர் சூசையும் கடலுக்குப் போகிறவர்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஜிபி ராம்தான் இருந்தது. படகுகளை வரைபடத்தில் காட்டுகிற புது சாஃப்ட்வேர் போட்டதும் பெட்டி திணற ஆரம்பித்தது. மவுஸை அசைத்தால் டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நாலு ஜிபி ஸ்டிக் இரண்டு அனுப்பி வைத்தார். மாட்டிக் கொடுக்க நான் போனேன். ஆனி மாதம், காலை பதினோரு மணி.

"பாய், எல்லாரும் கடல்ல கிடக்காக. அவுக வந்த பெறகு சாயந்தரமா மாட்டுனா என்ன?" என்றாள் செல்வராணி.

"பத்து நிமிஷம் தாயி. நீ கையில வச்சிருக்க டீ ஆறுமுன்ன ஆன் பண்ணித் தாரேன்."

அருளப்பன் சிரித்தார். "போன தடவ பிரிண்டருக்கும் இதே டீயைத்தேன் சொன்னீரு."

பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். கேபினட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரண்டை இறக்கினேன். பழைய ஸ்டிக்கின் இரண்டு கிளிப்பையும் தள்ளி இழுத்தேன். அது வழக்கம்போல் வரவில்லை. சேற்றிலிருந்து வருவதுபோல் இழுபட்டு வந்தது. அடியில் பல் தெரியவில்லை. என் கிரீஸ், நாலு வருஷத் தூசியும் கடற்கரைப் பொடிமணலும் சேர்ந்து தார் மாதிரி கறுத்துக் கிடந்தது.

"என்ன பாய் அது, கறுப்பா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"தூசி" என்றேன்.

புது ஸ்டிக்கின் வெட்டைப் பொருத்திப் பார்த்து அழுத்தினேன். இரண்டு கிளிப்பும் டக்கென்று உட்கார்ந்தன. ஆன் செய்தேன். ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. பீப், பீப் என்று விடாமல் கத்தியது. அடுத்த ஸ்லாட்டில் போட்டேன். அதே சத்தம். சரி, பழையதையே போட்டுக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் வரலாம் என்று பழைய ஸ்டிக்கை மாட்டினேன்.

அதுவும் கத்தியது.

காலையில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி அது. கிரீஸுக்கு நடுவே எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த தொடர்பை நான் பிடுங்கிவிட்டேன். எல்லாப் பல்லிலும் கறுப்பு ஏறிவிட்டது.

4. காற்று

மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டரைக்கு ஜன்னல் கதவு தானாக அடித்தது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அந்த மாதத்தில் வருவதுதான். ஆனால் அன்று வந்தது வேறு மாதிரி. வெளியே நிறுத்தியிருந்த பைக் சாய்ந்து விழுந்தது.

செல்வராணி செட்டை எடுத்து, காலையில் பேசிய படகுகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. கரைக்குத் திரும்புகிறோம், கரையோரத் தண்ணீருக்குள் வந்துவிட்டோம், பாம்பன் பக்கம் ஒதுங்குகிறோம். இருபத்துமூன்று படகு போயிருந்தது. இருபது பதில் சொல்லிவிட்டன. மூன்று படகு பேசவில்லை.

அவள் செட்டைக் கீழே வைத்துவிட்டு அருளப்பனைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த இருபதுலயும் எங்க வீட்டுல இல்லையாம். எந்தப் படகுல ஏறுனாக?"

இதை நான் விளக்க வேண்டும். சூசையின் படகு இன்ஜின் அப்போது பழுது பார்க்கப் போயிருந்தது. சொந்தப் படகு நிற்கிற நாளில் எங்கள் கரையில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. விடியற்காலை கரைக்குப் போய், எந்தப் படகில் ஆள் குறைகிறதோ அதில் ஏறிக்கொள்வார்கள். எதில் ஏறப்போகிறோம் என்று அவர்களுக்கே முன்னால் தெரியாது. சூசை போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். எதில் ஏறினார், கூட ஏறியவர்களின் போன் நம்பர் என்ன என்பது அருளப்பன் அடித்த பட்டியலில் மட்டும் இருந்தது. பட்டியல் என் முன்னால் பீப் அடித்துக்கொண்டிருந்தது.

"இருட்டுல ஒருத்தன் பின்னால ஒருத்தனா வந்து சொல்றாங்க, அடிக்கிறேன். நெஞ்சுலயா எழுதி வச்சிருக்கேன்?" என்றார் அருளப்பன். "நோட்டு இருந்திருந்தா..." என்று என்னைப் பார்த்தார்.

"ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி வேற பெட்டியில மாட்டலாமா பாய்?" என்று அவளே கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் பக்கத்து லாட்ஜிலும் ஸ்டுடியோவிலும் இப்போது லேப்டாப்தான். மாட்டுகிற கேபிள் இராமநாதபுரத்தில் என் கடையில் இருந்தது. போய் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்தக் காற்றில் பாலத்தில் வண்டியை விடுவார்களா என்பதே சந்தேகம்.

வாசலில் ஐந்தாறு பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ஒருத்தி மட்டும், "ராணி, ஏதும் தெரிஞ்சுச்சா?" என்றாள். "இன்னும் வரல" என்றாள் இவள். எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். காணவில்லை என்ற சொல்லை எடுக்க மாட்டார்கள்.



5. ஸ்பிரிட், பிரஷ், சைக்கிள் பம்பு

"பர்ஸ்ட் எய்டு பெட்டி இருக்கா?"

"யாருக்கு என்னாச்சு?" என்றார் அருளப்பன்.

"இதுக்குத்தேன். ஸ்பிரிட்டு வேணும். ஒரு பழைய பல்லு பிரஷ்ஷும்."

ஸ்டிக்கைத் துடைப்பது சுலபம். பிரஷ்ஷால் கறுப்பைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பிறகு ரப்பரால் தேய்த்தால் தங்கம் தெரியும். ஸ்லாட் அப்படியில்லை. உள்ளே இரண்டு பக்கமும் முடி மாதிரி கம்பிப் பின்கள் வரிசையாக இருக்கும். ஒன்று வளைந்தால் போர்டே போச்சு. மெல்லிய பருத்தித் துணியை என் ரேஷன் ஸ்மார்ட் கார்டு ஓரத்தில் மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, மேலிருந்து கீழே மட்டும் இறக்கி எடுத்தேன். கறுப்பு வந்தது. திரும்ப. திரும்பவும் கறுப்பு. ஒரு ஸ்லாட்டை மட்டும் சுத்தம் செய்தால் போதும் என்று முடிவெடுத்தேன். பின்னால் செல்வராணி அந்த மூன்று பெயரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சந்தன மாதா, ரஹ்மத், காளியம்மன் துணை. செட்டில் இரைச்சல் மட்டும் வந்தது.

பன்னிரண்டாவது தடவை துணி வெள்ளையாக வந்தது.

"மாட்டுங்க பாய்."

"காயணும் தாயி. ஈரத்தோட கரண்டு விட்டா எல்லாம் போயிரும்."

"எம்புட்டு நேரம்?"

"சைக்கிள் பம்பு இருந்தா சீக்கிரம் காயும்" என்றேன். டீக்கடைக்காரரின் சைக்கிள் பம்பை அருளப்பன் வாங்கி வந்தார். நான் குழாயைப் பிடித்தேன், அவர் அடித்தார். அறுபது வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் காற்றை அடித்தார். "டியூப்பு இல்லாம பம்படிக்கிற முத ஆளு நாந்தேன்" என்றார்.

புது ஸ்டிக் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்தேன். மூவரும் காதைக் கொடுத்தோம். ஒரே ஒரு சின்ன பீப். ஸ்கிரீன் வெளிச்சமானது.

பட்டியலைத் திறந்து செல்வராணி விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ரஹ்மத் படகு. நாலு பேர். மூன்றாவது பெயரில் விரல் நின்றது. அதே வரிசையில் இன்னொருவரின் போன் நம்பர் இருந்தது. அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்கள்.

"ரஹ்மத்து படகா? சங்கத்துலருந்து பேசுறேன். உங்க படகுல சூசைன்னு ஒருத்தவுக..." கணவர் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அந்தப் பக்கம் பேசியது எங்களுக்கும் கேட்டது. "இந்தா பக்கத்துலதேன் தலையத் தொவட்டுறாரு. தனுஷ்கோடி பக்கம் ஏறிட்டோம். செட்டுல சார்ஜு இல்ல. சந்தன மாதாவும் காளியம்மன் துணையும் இங்கனதேன் கிடக்கு, அவுக செட்டும் நனஞ்சு போச்சு."

அவள் போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் மற்றவர்களிடம் சொன்னாள். பிறகுதான் வந்து உட்கார்ந்தாள். டீ ஈ மொய்த்துக் கிடந்தது.

6. மிச்ச ஜிபி

ஒரு வாரம் கழித்து அருளப்பன் போன் செய்தார். "பாய், எட்டு ஜிபி அனுப்புனாக. இதுல மூணேகாலுன்னு காட்டுது. மிச்சம் எங்க?" நான் எடுத்துக்கொண்டேன் என்ற மாதிரிக் குரல். மாட்டியது ஒரு ஸ்டிக்தான், அதிலும் பழைய 32 பிட் விண்டோஸ் மூணேகாலுக்கு மேல் பார்க்காது என்று போனில் விளக்கினால் நம்புவாரா? நேரில் போனேன். முதலில் பட்டியல்கள் முழுதையும் பென் டிரைவில் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டாவது ஸ்லாட்டையும் துடைத்து மற்ற ஸ்டிக்கையும் மாட்டி, 64 பிட் போட்டு, எட்டையும் காட்டினேன். படகுகள் எல்லாம் கரையில் இருந்த ஞாயிற்றுக்கிழமை அது.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டியைத் திறக்குமுன், அதற்குள் யாருடைய என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நகல் எடுக்காமல் ஸ்டிக்கைத் தொடாதீர்கள். படகு வேலை படகோடு. ராம் பல்லுக்கு கிரீஸ் ஆகாது, அதற்குச் சுத்தமும் ஈரமில்லாமையும்தான் வேண்டும். நான் தடவிய பெட்டிகளை, நினைவில் இருந்தவரை, ஊர் ஊராகப் போய்த் துடைத்துக் கொடுத்தேன். என் பேச்சைக் கேட்டுத் தடவிய நான்கு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

இப்போது அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் ஒரு தாள் தொங்குகிறது. மெமரி வழங்கிய சிங்கப்பூர் அன்பருக்கு நன்றி, அவசர நேரத்தில் பணியாற்றிய செயலாளருக்கும் வயர்லெஸ் பணியாளருக்கும் நன்றி. என் பெயர் இல்லை.

செல்வராணியிடம் கேட்டேன். "எழுதிரலாம் பாய். ஆனா என்னன்னு எழுத? நீங்க வராம இருந்திருந்தா அன்னைக்கு பெட்டி ஓடிக்கிட்டுல்ல இருந்திருக்கும்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது பதிலை எழுத்தில் தருகிறேன். அது தூசி இல்லை தாயி, நான் தடவிய கிரீஸ். அந்தத் தாளில் கடைசி வரியாக இதைச் சேர்க்க வேண்டும்: 'இந்தக் கம்ப்யூட்டரில் கிரீஸ் தடவியவர், நோட்டை நிறுத்தச் சொன்னவர், படகுகள் கடலில் இருக்கும்போது இதைத் திறந்தவர், துடைத்து ஓடவைத்தவர்: இராமநாதபுரம் சீனி பாய்.' நாலும் நான் செய்தவை. ஒன்றையும் விடாமல், என் பெயரோடு போடுங்கள்.