உறைக்குள் மூங்கில் கழி

பட்டாளத்திலிருந்து திரும்பிய அப்பாவுக்குத் திண்டிவனத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் காவலாளி வேலை கிடைத்தது. ஆளைப் பார்த்துக் கொடுத்த வேலையில்லை, அவரிடம் சொந்தமாக லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அதனால் தேர்தல் அறிவிப்பு வந்தாலே கூட்டேரிப்பட்டில் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், தேர்தல் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துத் தேர்தல் சண்டைகளைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

காவல் வேலைக்கு விலக்கு உண்டு, கம்பெனிதான் எழுதிக் கேட்க வேண்டும். அந்த வருடம் புதிதாக வந்திருந்த மேனேஜருக்கு அதற்கு நேரமில்லை. ஆனால் யோசனை சொல்ல மட்டும் நேரம் இருந்தது.

"உறையில ஒரு கழியப் போட்டு மடியில வச்சிக்கினு உக்காருங்க. உள்ள இன்னா இருக்குதுன்னு எவன் பாக்கப்போறான்?"

மறுத்தால் வேலை போகும். அப்பா ஒரு மூங்கில் கழியை அளவாக வெட்டி, உறையில் போட்டு எங்களிடம் சிரித்துக்கொண்டே காட்டினார். அம்மா சிரிக்கவில்லை.

தேர்தல் நேரத்தில் ஒருவர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்கள். ஜீப்பில் வந்த எஸ்.ஐ. உறையைத் திறக்கச் சொன்னார்.

"உள்ள வாங்க சார், காட்டறேன்" என்று அப்பா கெஞ்சியிருக்கிறார். அதில் சந்தேகம்தான் கூடியது. நகை மீட்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் கழி வெளியே வந்தது. எஸ்.ஐ. சிரித்தாராம், கூட்டமும் சிரித்ததாம். அந்த மேனேஜர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றிருக்கிறார். அவரை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நாளிக்கிப் போவாதீங்க. காவலுக்குத் துப்பாக்கி இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிடுச்சி" என்றாள் அம்மா.

"போவலன்னா வேல போயிடும்."

"போனா?"

அப்பா காலையில் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் கல்லூரிக்குப் போகும் பஸ் அந்தக் கம்பெனியைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் வெறுங்கையோடு உட்கார்ந்து, உள்ளே நுழைகிற ஒவ்வொருவரின் கையையும் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறங்கிப் போய் நான் என்ன செய்துவிட முடியும்? ஓட்டு எண்ண இன்னும் ஒரு மாதம் இருந்தது.