சட்டைக்குக் காட்டிய வெயில்

குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது நான் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைக்க எழ வேண்டும். எழ முடியவில்லை. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. தொடைகள் என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான்கு, ஐந்து, ஆறு என்று விசில் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தவழ்ந்து போய், சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி நின்று அணைத்தேன். பருப்பு தீய்ந்துவிட்டது. ஒருத்திக்கு வைத்த அரைக் கைப்பிடிப் பருப்பு.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு புதுச்சத்திரத்துக்குப் பக்கம். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் விழுந்து கிடந்தால் மறுநாள் பால்காரர் வரும்வரை யாருக்கும் தெரியாது. பயந்துபோனேன். இதே பயத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் என் அசட்டுத்தனத்தையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் வயது என்றார். இரண்டாமவர், "மனசுல என்னமோ வெச்சுக்கிட்டு இருக்கறீங்க" என்று தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். கணவரிடம் போனில் சொன்னேன். "உக்காந்தே இருந்தா அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் நட புள்ள" என்றார். வந்ததே எனக்குக் கோபம்! நடக்க முடிந்தால் உங்களிடம் ஏன் ஐயா சொல்கிறேன்? ஆனால் வாயால் சொன்னது, "சரிங்க."

மூன்றாவதாகப் போனது நாமக்கல்லில் ஒரு பெண் மருத்துவரிடம். என்னைவிடச் சின்னவர். நான் நாற்காலியிலிருந்து கையூன்றி எழுவதைக் கவனித்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அம்மாடி என்று கத்திவிட்டேன்.

"வெயில்ல போவீங்களா?"

"வெயிலே படறதில்லைங்க" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கம் அது பெருமைதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா முதலில் சொன்னதே, "எம்புள்ள காட்டுல எறங்குனதே இல்லீங்க" என்பதுதான். காடு என்றால் எங்கள் பக்கம் வயல்; அம்மா நாள் முழுக்க அதில் களை வெட்டியவள். வெயில் படாத மகளை வளர்த்ததுதான் அவளுடைய வெற்றி. நானும் இருபது வருடம் அதைக் காப்பாற்றினேன். நெடுஞ்சாலைத் தூசிக்குச் சன்னலைச் சாத்தி, தோலுக்குப் பயந்து குடை பிடித்து, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் வாழ்ந்தேன்.

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது. ஆஸ்டியோமலேசியா (சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு மிருதுவாகிப் போகும் நிலை) என்றார். கூடவே மயோபதி (தசை வலுவிழப்பு). அதனால்தான் தொடை தூக்கவில்லை. சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார். வாரம் ஒரு பெரிய மாத்திரை, தினமும் கால்சியம். வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் விழுங்கிவிடாதீர்கள். அது வேறு ஆபத்து. "அப்பறம், பதினொரு மணி வாக்குல வெயில்ல கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றார்.

செய்தி கேட்டு, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் வந்தார். "ஊட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரு அம்மிணி. ஒத்தையில உழுந்து வெச்சா யாரு தூக்கறது?"

"வேண்டாங்கண்ணா."

அண்ணி தங்கமானவர். பத்து நாள் அங்கே இருந்தும் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் டீ வேண்டுமென்றாலும் அடுத்தவர் அடுப்பு. வேலை எதையும் தொடவிடாமல் சோபாவில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்தச் சோபாவிலேயே கிழவியாகிவிடுவேன் என்று தோன்றியது. என் வீடு போய்விடக் கூடாது. அந்த ஒன்றுதான் மனதில் இருந்தது.

கணவர் போனில் முடிவு சொன்னார். "மூணு மாசம் பாக்கலாம். கையூனாம எந்திரிச்சு நின்னுட்டீன்னா இரு. இல்லீன்னா நானே வந்து ஊட்டைப் பூட்டி, உன்னை மேட்டூர்ல உட்டுட்டுப் போறேன்."

மறுநாளே ஆரம்பித்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து மொட்டை மாடிக்கு ஏறவே கால் மணி நேரம். தினமும் பதினொரு மணிக்கு நின்றேன். எதிர்வீட்டு சரோஜா அக்கா கீழிருந்து குரல் கொடுப்பார்.

"ஏனுங்க, யாரைப் பாத்துட்டு நிக்கறீங்க? ரிக்கு வண்டி அங்கிருந்தே தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கக்கா. இப்பத்தான் டீ குடிக்கறாரு."

அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அன்றைக்கு ஒரு மனித முகத்தைப் பார்த்துப் பேசியது பெரும்பாலும் அவ்வளவாகத்தான் இருக்கும்.

ஆறு வாரம் கழித்து மருத்துவர், எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

"காட்டுக்குப் போறவங்களாட்டந்தாங்க. சீலைக்கு மேல ஊட்டுக்காரரு முழுக்கைச் சட்டை. தலையில துண்டு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆறு வாரமா சட்டைக்கும் துண்டுக்கும் வைட்டமின் ஏத்தியிருக்கறீங்க. கையில, முதுகுல படோணுங்க!" மாத்திரை தன் வேலையைச் செய்கிறது, பயமில்லை, ஆனால் மாத்திரை முடிந்த பிறகு வெயில் வேண்டும் என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருக்கு எதிரே கண் கலங்கிவிட்டது. வெயிலுக்காக மட்டும் அந்தச் சட்டையைப் போடவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கணவருடைய பழைய காக்கிச் சட்டை அது. மாடியில் அதற்குள் நிற்கும்போது தனியாக நிற்பதுபோல் இல்லை. மறுநாள் அதைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கைகளை மூடாமல் நின்றேன். வெயில் சுள்ளென்று பட்டது.

தேறுவது தெரியவே தெரியாது. தினமும் நாற்காலியிலிருந்து எழுந்து பழகினேன். பிறகு முக்காலி, பிறகு தரையோடு கிடக்கும் பலகை. ஒரு வாரம் எழுவேன், மறுவாரம் முடியாது. முடியாத நாட்களில் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அந்த நாட்களை எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருநாள் பல் துலக்கும்போது, எலும்புக்குள் இருந்த அந்த நச்சுநச்சென்ற வலி போய்ச் சில நாட்களாகிவிட்டது என்று கவனித்தேன். போனபோது சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரோடு வந்தார். டிக்கியைக் காலியாகவே வைத்திருந்தார், என் பெட்டிக்காக. நான் நிற்காவிட்டால் வீட்டைப் பூட்ட அடுத்த வாரம் கணவர் வருவதாக ஏற்பாடு. நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்தேன். கைகளைக் கட்டிக்கொண்டேன். தொடை நடுங்கியது. பாதியில் ஒருமுறை ஆடியது. அண்ணன் கை நீட்டினார், "தொடாதீங்க" என்றேன். நின்றுவிட்டேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செரி அம்மிணி, நீயே இரு" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்.

கணவருக்கு போன் போட்டேன். குரலே குதித்தது எனக்கு. அவருக்கும் உண்மையிலேயே சந்தோஷம். "கெட்டிக்காரி!" என்றார். பிறகு, "அப்ப நான் இப்ப வர வேண்டியதில்லீல்ல? இங்க வேலை நெறையக் கெடக்குது. தீபாவளிக்கு வாரேன்" என்றார்.

"சரிங்க."

வீட்டைக் காப்பாற்றிவிட்டேன். உடம்பு தேறினால் அவர் வரும் நாள் தள்ளிப்போகும் என்று மட்டும் எனக்கு முன்பே உறைக்கவில்லை. முடியாமல் கிடந்திருந்தால் அடுத்த வாரம் வந்திருப்பார். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் வலித்தது; மருத்துவர் அழுத்திய இடத்தைவிட அதிகம்.

முன்பெல்லாம் அவர் வருகிற நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்றுதான் காலம் ஓடியது. இப்போது வாரம் என்றால் மாத்திரை நாள், பகல் என்றால் பதினொரு மணி. அன்றும் பதினொரு மணி ஆனது. மாடிப்படியில் ஏறினேன். பாதியில் அழுகை வந்தது. சுவரைப் பிடிக்கவில்லை. கால்கள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தன.