மூன்று நாள் மூலை

கடைசி ஊசியையும் வயிற்றில் குத்திக்கொண்ட அன்று, இனி நான் நோயாளி இல்லை என்ற நினைப்பில் குசினிக்குள் காலை வைத்தேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மதினி, அதாவது என் கணவரின் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் ரத்தம் பாக்கலைல்ல டீச்சரம்மா? பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசிக்குவம்" என்றாள். அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணைக்கே திரும்பிப் போனேன்.

கணவரை 'அவர்' என்றும் மதினியை 'அவள்' என்றும் எழுதுவது கைதவறி வந்ததல்ல. வயதில் மூத்தவளை இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள், அந்த இஸ்தோப்பில் ஒரு மழைக்காலம் படுத்து எழுந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தைக்கு மேலே இருந்தது. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, அதாவது ஒரு காம்பரா, அடுத்தது மதினிக்கு. நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் யாராவது புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் கொழுந்து பறிப்பவள், என் கணவருக்கு பெக்டரியில் வேலை, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மதினியின் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். பிள்ளையும் இல்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, அது அவள் கையில்.

மகளைப் பெற்றபோது எனக்கு நிறைய ரத்தம் போய், வேறு ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தேன். ஏற்றிய ரத்தத்தோடு கூடவே ஒரு கிருமியும் வந்து ஈரலில் குடியேறியது சில வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஹெபடைடிஸ் சி என்று பதுளையில் சொன்னார்கள். லயத்தில் அதற்கு 'ஊசிக் காமாலை' என்று அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். மகளுக்கும் பரிசோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு நாள்தான் நிலைத்தது. "புள்ள சுத்தமா இருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி மதினி அவளுடைய பாயையும் போர்வையையும் சுருட்டித் தன் காம்பராவுக்குக் கொண்டுபோனாள்.

பதுளையில் எனக்கு வைத்தியம் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர், பொறுமையான மனிதர். என் கணவரையும் மதினியையும் எதிரில் உட்காரவைத்துத் தெளிவாகவே சொன்னார். "இது சாப்பாட்டால தொத்தாது, கோப்பையால தொத்தாது, பக்கத்தில படுத்தாலும் தொத்தாது. இரத்தத்தாலதான் தொத்தும். நீங்கள் எல்லாரும் ஒண்டா இருக்கலாம்." மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ்ஸில் பண்டாரவளை வந்தோம். அங்கே பஸ் மாறும்போது தம்பியிடம், "ரத்தந்தான்னு டாக்டரே சொல்லிட்டாரு, கேட்டியா?" என்றாள்.

எங்கள் லயத்தில் ரத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. மாதா மாதம் பெண்கள் மூன்று நாள் ஒதுங்கி இருக்க வேண்டும். இஸ்தோப்பின் கோடியில், விறகு அடுக்கியிருக்கும் மூலையில் தனிப் பாய், தனித் தட்டு, தனிக் கோப்பை. குசினிக்குள் வரக்கூடாது, சாமிப் படத்தைப் பார்க்கக்கூடாது. நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். புது நோய்க்குப் புதுச் சட்டம் யோசிக்க யாருக்கும் நேரமில்லை. இருந்த சட்டத்தையே நீட்டிவிட்டார்கள். டாக்டர் எந்தச் சொல்லைச் சொல்லி என்னை வீட்டோடு சேர்க்கப் பார்த்தாரோ, அதே சொல்லால்தான் நான் விறகு மூலைக்குப் போனேன். வாராவாரம் ஊசி, தினமும் விழுங்கக் குளிசை என்று கிட்டத்தட்ட ஒரு வருடம் அங்கேதான் கழிந்தது.

மதினி தேத்தண்ணீர் கொடுக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். என் நீலக் கோப்பையைத் தரையில் வைக்கச் சொல்வாள். தன் கையிலிருக்கும் கேத்தலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அங்கிருந்து ஊற்றுவாள். கேத்தல் மூக்கு கோப்பையில் பட்டுவிடக்கூடாதாம். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தாது. அத்தனை தேர்ந்த கை. குனிந்திருக்கும் என் முகத்தில் ஆவி அடிக்கும்.

ஊசி முடிந்தால் எல்லாம் முடியும் என்றுதான் நானும் நம்பினேன். ஊசி நின்றதே தவிர, அது செய்த வேலை நிற்கவில்லை. தலைமயிர் அதற்குப் பிறகுதான் இன்னும் கொத்துக் கொத்தாக வந்தது. சீப்பைத் தொடுவதையே விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்குத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனேன். தோல் வறண்டு அரித்தது. மூட்டுகள் வலித்தன. எதைத் தின்றாலும் வாயில் துருப்பிடித்த ஆணி ருசித்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏறும் பாதையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழும்பித்தான் போக முடிந்தது. டாக்டர் தொண்டையைத் தடவிப் பார்த்து, ரத்தமும் சோதித்து, தைராய்டையும் மருந்து கெடுத்துவிட்டது என்று இன்னொரு குளிசை கொடுத்தார். அதை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கக்கூடாது. விடிந்தால் முதலில் தேத்தண்ணீர் என்று இருக்கிற லயத்தில், "பொறகு குடிக்கிறேன்" என்பவளை எப்படிப் பார்ப்பார்கள்? "நம்ம தேத்தண்ணி டீச்சரம்மாவுக்கு எறங்கல" என்று மதினி நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னாள்.

அதையெல்லாம் சமாளிக்கப் பழகினேன். தேங்காய் எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கியது. எலுமிச்சம்பழத் தோலை வாயில் அடக்கினால் துரு ருசி குறைந்தது. மத்தியானம் வகுப்பை எழுதவிட்டு மேசையில் தலைசாய்த்தால் பின்னேரம்வரை தாக்குப்பிடிக்க முடிந்தது. சமாளிக்க முடியாதது கோபம்தான். அது என் கோபமா மருந்தின் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. கதவு சத்தமாய் மூடினால் கத்துவேன். மழை பெய்தால் கத்துவேன். டாக்டரிடம் சொன்னேன். "அது மருந்தின்ர வேலை. மயிரும் முளைக்கும், மனமும் அடங்கும். கொஞ்சக் காலம் பொறுத்திருங்கோ" என்றார். என் கணவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொன்னாலும், அது நியாயமோ அநியாயமோ, "ஊசி பேசுது, விடுங்க" என்பார். மகளை என்னோடு படுக்கவிடுங்கள் என்று கேட்டேன், அதையும் ஊசிதான் பேசியதாம். நல்ல மனிதர்தான். ஆனால் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்கத் தெரியாமல், எப்போதும் பெக்டரிக்குப் போய்விடுகிற நல்ல மனிதர்.

சுவருக்கு அந்தப் பக்கம் மகள் தூங்குமுன் அவள் அத்தையிடம் கதை கேட்பாள். இருமுவாள், சிரிப்பாள். ஒரு நாள் அடை மழையில் அவளுக்குக் காய்ச்சல். "அம்மாகிட்டப் போறேன்" என்று அழுதாள். மதினி, "அம்மாவுக்கு இன்னும் நாலாம் நாள் வரலடா கண்ணு" என்று தட்டிக்கொடுத்தாள். நான் எழும்பிப் போய் அவள் கதவை உதைத்தேன். லயமே எழும்பி வந்து பார்த்தது. அங்கே எல்லார் முன்னாலும் சொன்னேன். "வயித்துல ஒன்னும் தங்காதவளுக்கு எம் புள்ள என்னத்துக்கு? திருடித்தான் அம்மாவாகணுமா?"

கணவர் வழக்கம்போல, "அக்கா, ஊசி பேசுது" என்றார்.

"ஊசி முடிஞ்சி எத்தன மாசமாச்சு?" என்றாள் மதினி. குரல் உயரவேயில்லை. "எனக்குப் புள்ள இல்லங்கறது ஊசிக்கு எப்படிடா தெரியும்?"

சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அவளும் மன்னிக்கவில்லை. அதன்பிறகு மகள் என் பக்கம் வந்தாலே, "அம்மா திட்டுவாங்க, இங்க வா" என்று கூப்பிட்டுக்கொள்வாள். மகளும் போய்விடுவாள். நான் திட்டுவேன் என்பது பொய்யில்லையே. இரத்தப் பரிசோதனை நல்லபடி வந்தால் பிள்ளை என்னிடம் வரும் என்ற ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கிருமி திரும்ப வந்திருந்தால், அடுத்த ஊசியைத் தாங்க எனக்கு உடம்பும், பிள்ளையைத் திருப்பிக் கேட்க வாயும் இருந்திருக்காது.

ஊசி நின்று ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதுதான் உண்மையான முடிவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் கொடுத்து, அது கொழும்புக்குப் போய் முடிவு திரும்பி வரக் காத்திருந்து, பதுளைக்குத் தனியாகத்தான் போனேன். கணவர் வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கெட்ட செய்தியாக இருந்தால் அதையும் ஊசி தலையில் போட ஓர் ஆள் எனக்குத் தேவைப்படவில்லை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "கிருமி இல்லை. ஒரு துளியும் இல்லை" என்று சிரித்தார். "தைராய்டு குளிசையை மட்டும் விடாதேங்கோ. இனி நீங்கள் எல்லாரையும் போலத்தான்." அவர் மேசை முன்னாலேயே அழுதேன். பதுளை பஸ் நிலையத்தில் மகளுக்கு ரிப்பனும் வடையும் வாங்கினேன். பஸ் எத்தனை மெதுவாக ஏறியது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

மதினி செய்தியைக் கேட்டாள். "அப்ப தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா" என்றாள். ஊற்றிக்கொள்ளத் தலையில் என்ன இருந்தது? விரல்நுனி அளவு முளைத்திருந்த மயிரில், மலையிலிருந்து குழாய் வழி கொட்டும் பீலித் தண்ணீர் ஊசி ஊசியாய்க் குத்தியது. ஊற்றிக்கொண்டேன். குசினிக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை. நீலக் கோப்பையை எடுத்து விறகு மூலையின் பின்னால் கொழுந்துமலைப் பக்கம் வீசி எறிந்தேன். மகளைத் தூக்கி மடியில் வைத்தேன். உட்கார்ந்தாள், ஆனால் வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருவர் மடியில் உட்காருவதுபோல, எப்போது இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழகட்டும், புதிதுதானே என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் மதினியும் பீலியடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தோம். லயத்துப் பிள்ளைகள் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் சோறு பொங்கி விளையாடினார்கள். தேயிலைக் கொட்டைகள் கிழங்கு, மண் சோறு, தேங்காய்ச் சிரட்டை கோப்பை. என் மகள்தான் அத்தை. அடுப்பு அவள் பொறுப்பு. பக்கத்துக் காம்பராக் குட்டி ஒருத்தி தன்னை அம்மாவாகச் சேர்க்கச் சொன்னாள். மகள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் ஒரு கல்லில் உட்காரவைத்தாள்.

"நீ அம்மா. இங்கேயே இரு. இது ஒன் செரட்டை. வேற யாரும் தொடக்கூடாது."

"நானும் சமைக்கிறேன்" என்றாள் குட்டி.

"அம்மா சமைக்க மாட்டாங்க. அம்மா திட்டணும். திட்டு."

குட்டிக்கு என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். நான் மதினியைப் பார்த்தேன். சிரித்திருந்தால் அந்த இடத்திலேயே அவள் தலைமயிரைப் பிடித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே கழுவி முடித்த துணியை மறுபடி கல்லில் போட்டுத் தேய்த்தாள்.

மகள் காலியான கல்லைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அம்மாவுக்கு ஆள் இல்ல. நீங்க வாங்க."

ஒன்றரை வருடத்தில் அவளாக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். கல்லில் உட்கார்ந்து சிரட்டையைக் கையில் எடுத்தேன். "கையில வச்சிக்கக் கூடாது, கீழ வைங்க" என்றாள். வைத்தேன். தண்ணீர் இருந்த தன் தகர டப்பாவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அங்கிருந்து ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.