பாதி ஷேவ்

கழுத்துல கத்தி இருக்கும்போது எந்திரிச்சு ஓட முடியுமா, சொல்லுங்க?

அப்பா செத்த தந்தியைப் பார்த்துட்டு மெட்ராஸ்ல இருந்து நான் வந்து சேர்றதுக்குள்ள அண்ணன் அவரை எரிச்சிட்டான். அன்னைக்கிலருந்து அவன்கூட பேச்சில்ல. பெரிய இவனாட்டம் நாகமலையில ஃப்ரெண்டு ரூம்லயே கெடந்தேன். ஒரு சொட்டு அழல.

இன்னைக்கு சலூன்ல எனக்கு ஒரு கன்னம் முடிஞ்ச நேரம், பக்கத்து சேர்ல அண்ணன் வந்து உக்கார்ந்தான். எந்திரிக்கப் பார்த்தேன்.

"ஆடாதீங்க தம்பி, வெட்டிப்புடும்"னு கடைக்காரர் தோளை அமுக்கிட்டாரு. எந்தப் பக்கம் திரும்புனாலும் கண்ணாடில அவன் மூஞ்சிதான். வேற வழியில்லாம கேட்டேன்.

"எனக்காக ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதாண்ணே?"

"ஐஸ் கெடைக்கலடா. வில்லாபுரம் வரைக்கும் சைக்கிள்ல அலைஞ்சேன். அந்த வெயில்ல அப்பாவை எம்புட்டு நேரம்டா வச்சிருப்பேன்?"

அவன் குரல் ஒடைஞ்சிருச்சு. சோப்பு நுரையோட நானும் கதறிட்டேன். முதல் நாளே கேட்டிருந்தா அன்னைக்கே அழுதிருப்பேன்.

இப்ப அண்ணன் வீட்டுல உக்கார்ந்து எழுதுறேன். எடது கன்னம் இன்னும் ஷேவ் பண்ணல.